விடாத சொறி: மருந்து போட்டும் அரிப்பு நிற்காத வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சொறி ஒருவருக்கு வந்தால் அந்த வீட்டுக்கே வந்த மாதிரிதான். மருந்துக்கடையில் ஒரு லோஷன் வாங்கித் தடவுகிறார்கள். பத்து நாள் கொஞ்சம் குறைகிறது. மறுபடி ராத்திரியானால் அரிப்பு. அடுத்து வேறொரு களிம்பு, அதற்கடுத்து யாரோ சொன்ன எண்ணெய், பிறகு ஒரு ஊசி. இப்படி மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவும் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கும் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல வீடுகளில் முதலில் வாங்கிய மருந்தே சரியானதாக இருக்கும். தடவிய விதம், தடவிக்கொண்ட ஆட்கள், தடவிய நாள் இவற்றில்தான் கோளாறு. அதனால் மருந்தை மாற்றுவதற்கு முன்னால் அது ஏன் பலிக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள். அதைச் செய்யாமல் வீரியத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போதுதான் சாதாரண சொறி ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துப்போகிறது. கீழே வரும் மருந்து அளவுகள், டாக்டர் எழுதிக்கொடுத்ததைச் சரியாகப் புரிந்துகொள்வதற்காக. நீங்களே கடையில் கேட்டு வாங்குவதற்காக இல்லை.

படி 1: இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே படிக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்

புண்ணில் சீழ், மஞ்சள் பொருக்கு, சுற்றிச் சிவந்து சூடான வீக்கம், காய்ச்சல் இருந்தால் தாமதிக்காதீர்கள். சொறிந்த இடம் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் உள்ளே நுழைந்துவிட்டன என்று பொருள்.

குழந்தையின் முகம் காலையில் உப்பியிருந்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே காட்டுங்கள். தோலில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தோலில் வந்த புண் ஆறிவிட்டதே என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் இது தலைகாட்டும். சொறியை வெறும் அரிப்பு என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

கைக்குழந்தை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், வலிப்பு உள்ளவர், எச்.ஐ.வி. அல்லது புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் ஆகியோருக்கு வீட்டு வைத்தியம் எதுவும் தொடங்கவே வேண்டாம்.

படி 2: சொறிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

சொறிக்கு (ஸ்கேபிஸ்) காரணம் ஒரு நுண்ணிய பூச்சி, அதன் பெயர் சார்கோப்டிஸ் ஸ்கேபியை. பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டு போய், தினம் இரண்டு மூன்று முட்டை வீதம் வைத்துக்கொண்டே ஒரு மாதம், ஒன்றரை மாதம் உயிரோடு இருக்கும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். அது வளர்ந்த பூச்சியாக மொத்தம் 10 முதல் 14 நாள் ஆகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையை ஏன் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை செய்யச் சொல்கிறார்கள் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

உடம்பு முழுக்க அரித்தாலும், சாதாரண சொறியில் மொத்தமே 10, 15 பூச்சிதான் இருக்கும். அரிப்பு வருவது பூச்சி, அதன் கழிவு, முட்டை ஆகியவற்றுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமையால். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முன்பு வந்து போனவருக்கு ஒன்று முதல் நான்கு நாளிலேயே தொடங்கிவிடும். எனவே "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் எதுக்குத் தடவணும்" என்று சொல்கிற ஆள்தான் இன்னும் அரிக்கத் தொடங்காத, ஆனால் பூச்சியைச் சுமந்துகொண்டிருக்கிற ஆளாக இருக்கலாம்.

ரத்தம் கெட்டுப்போனதால் சிரங்கு வருகிறது, உடம்புச் சூட்டால் வருகிறது என்று இன்னமும் வீட்டில் சொல்வார்கள். ஐரோப்பாவிலும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். 1687ல் ஜொவான்னி கோசிமோ பொனோமோ என்ற இத்தாலிய மருத்துவர் இந்தப் பூச்சியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வரைந்து, நோய்க்கு இதுதான் காரணம் என்று எழுதினார். அதன் பிறகும் மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டு ஆனது. இதை இங்கே சொல்லக் காரணம், ரத்தச் சுத்தி மருந்து, பத்தியம், கத்தரிக்காய் கருவாடு விலக்கு இவற்றால் சுரங்கத்துக்குள் இருக்கும் பூச்சி சாகாது.

சொறி என்றால் அரிப்பு ராத்திரியில் கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், முழங்கை, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிட்டம், ஆண்களுக்குப் பிறப்புறுப்பு, பெண்களுக்கு மார்புக்காம்பைச் சுற்றி என்று இடம் பார்த்து வரும். வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கும். விரலிடுக்கில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று வளைந்து போனால் அதுதான் சுரங்கம். பெரியவர்களுக்கு முகத்திலும் தலையிலும் வருவது அரிது. கைக்குழந்தைகளுக்கு முகம், தலை, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லா இடத்திலும் வரும்.

ஸ்கின் டாக்டர் டெர்மட்டாஸ்கோப் என்ற கருவியால் பார்த்தால் சுரங்கத்தின் நுனியில் பூச்சியின் தலைப்பகுதி சின்னக் கறுப்பு முக்கோணம் போலத் தெரியும். தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் உண்டு. பத்துப் பதினைந்து பூச்சியில் ஒன்று கிடைக்க வேண்டும் என்பதால், சுரண்டலில் எதுவும் இல்லை என்று வந்தால் சொறி இல்லை என்று ஆகிவிடாது. அதே சமயம், இரண்டு முறை முறையாகச் சிகிச்சை செய்தும் அப்படியே இருந்தால், சொறி என்று முதலில் சொன்னதே தவறோ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். படர்தாமரை, கரப்பான் (எக்ஸிமா), பூச்சிக்கடி ஒவ்வாமை, சோப்பு ஒவ்வாமை எல்லாமே சொறி போல ஏமாற்றும். வயதானவருக்கு உடம்பு முழுக்க அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை என்றால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

மனிதத் தோலில் குடியேறாத பூச்சிகளும் கடிக்கும். ஜன்னல் மேலோ ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னாலோ புறாக் கூடு இருந்து, குஞ்சுகள் பறந்துபோன பிறகு வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு என்றால் அது பறவைச் சிற்றுண்ணியாக இருக்கலாம். எலித் தொல்லை உள்ள வீட்டில் எலிச் சிற்றுண்ணி, தானிய மூட்டை, வைக்கோல் கையாளுபவருக்கு வைக்கோல் சிற்றுண்ணி. நாய்ச் சொறியும் மனிதர் மேல் ஏறி அரிப்பைத் தரும், ஆனால் அதனால் நம் தோலில் பெருக முடியாது. இவை எதற்கும் உங்கள் மேல் மருந்து தடவிப் பயனில்லை. கூட்டை எடுக்க வேண்டும், எலியை ஒழிக்க வேண்டும், நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சொறி மருந்து பலிக்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டில் புறா வருகிறதா என்றுதான்.

படி 3: ஒரு நாள்காட்டி போடுங்கள்

காகிதத்தில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, என்றைக்கு எந்த மருந்து, எத்தனை மணி நேரம், இரண்டாவது முறை என்றைக்கு என்று குறியுங்கள். இது இல்லாமல் டாக்டரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பூச்சி எல்லாம் செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும், சிலருக்கு ஆறு வாரம்கூட. செத்த பூச்சியும் கழிவும் தோலுக்குள் இன்னும் இருக்கின்றன. தோல் உதிர்ந்து அவை வெளியேறும் வரை ஒவ்வாமை அடங்காது. ஆண்களின் விதைப்பையிலும், குழந்தைகளின் அக்குளிலும் வரும் சிவந்த கட்டிகள் மாதக்கணக்கில் நிற்கலாம். அவற்றுக்குள் உயிருள்ள பூச்சி இருக்க வேண்டியதில்லை.

மருந்து போட்ட பிறகும் அரிக்கிறது, ஆனால் புதிதாகக் கொப்புளமோ கோடோ வரவில்லை, வாரத்துக்கு வாரம் கொஞ்சமாவது குறைகிறது என்றால் காத்திருங்கள். இரண்டாவது முறை தடவி இரண்டு வாரம் ஆன பிறகும் விரலிடுக்கில் புதுக் கோடு வருகிறது, ராத்திரி அரிப்பு கூடிக்கொண்டே போகிறது, இதுவரை வராத ஒருவருக்குத் தொடங்குகிறது என்றால்தான் பூச்சி இன்னும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல், அரிப்பு வந்தபோதெல்லாம் பெர்மெத்ரின் என்ற சொறி க்ரீமைத் தடவினால் மருந்தே தோலை எரிச்சலாக்கி அரிக்க வைக்கும். அந்த அரிப்புக்கு இன்னும் மருந்து என்று தொடரும் சுழல், விடாத சொறியின் முக்கியமான ஒரு வகை.

படி 4: ஏன் பலிக்கவில்லை என்று தேடுங்கள்

எல்லோரும் ஒரே ராத்திரியில் தடவாததுதான் முதல் காரணம். அப்பா வெளியூரிலிருந்து வெள்ளிக்கிழமை வருவார், பாட்டி தடவ மாட்டேன் என்கிறார், ஹாஸ்டலில் இருக்கும் மகன் அடுத்த மாதம்தான் வருவான். இப்படி ஆளுக்கொரு நாளில் தடவினால், ஒருவர் குணமாகும்போது இன்னொருவர் திரும்பக் கொடுத்துவிடுவார். ஃபிஜித் தீவுகளில் 2012ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஒரு தீவில் அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் சேர்த்து ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். அங்கே சொறி உள்ளவர்கள் 32.1 சதவீதத்திலிருந்து ஒரு வருடத்தில் 1.9 சதவீதமாகக் குறைந்தார்கள். நோய் இருப்பவருக்கும் அவரோடு பழகியவருக்கும் மட்டும் வழக்கம்போல மருந்து கொடுத்த இடத்தில் பாதியளவுதான் குறைந்தது. சேர்ந்து செய்வதன் பலம் அவ்வளவு.

அடுத்தது அளவு. பெரியவர் ஒருவருக்குக் கழுத்து முதல் கால் வரை ஒரு முறை தடவவே சுமார் 30 கிராம் க்ரீம் வேண்டும். ஒரே 30 கிராம் ட்யூபை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் போதாது. விலை கையைக் கடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், அரசு மருத்துவமனை தோல் நோய்ப் பிரிவுக்குக் குடும்பத்தோடு போங்கள், ஆளுக்கொரு சீட்டு போட்டு மருந்து கேளுங்கள்.

மருந்தின் அடர்த்தியும் முக்கியம். பேனுக்கு விற்கும் பெர்மெத்ரின் 1 சதவீதம், சொறிக்கு 5 சதவீதம். பெயரை மட்டும் கேட்டு வாங்கும்போது இது மாறிவிடுகிறது. அரிக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைத்ததுபோல் தடவுவதும், இரண்டாவது முறையை மறப்பதும், நடுவில் பாத்திரம் கழுவிவிட்டுக் கையில் மறுபடி தடவாமல் விடுவதும் அன்றாடம் நடப்பவை.

இவை எல்லாவற்றையும் சரிசெய்தும் போகவில்லை என்றால்தான் மருந்துக்குப் பூச்சி அசைந்துகொடுக்கவில்லையோ என்ற சந்தேகத்துக்கே வர வேண்டும். பெர்மெத்ரினுக்கு முன்போல மசியாத பூச்சிகள் பற்றிப் பல நாடுகளிலிருந்து செய்தி வருவது உண்மை. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் டாக்டர்.

படி 5: அந்த ஒரு ராத்திரி

எல்லோருக்கும் தோதான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள், சனிக்கிழமை ராத்திரி நல்லது. சாயங்காலமே எல்லோர் நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். குளித்தால் தோல் நன்றாகக் காய்ந்து குளிர்ந்த பிறகுதான் தடவ வேண்டும். வெந்நீரில் குளித்த கையோடு தடவக் கூடாது. மோதிரம், வளையல், மெட்டி, கைக்கடிகாரம், மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். அரைஞாண் கயிற்றின் அடியில் பலரும் தடவுவதில்லை, சொறி விரும்பித் தங்கும் இடமோ இடுப்புதான். கயிற்றை மாற்றிவிட்டால் நல்லது. தாலிக்கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் அதைத் தூக்கிப் பிடித்து அடியில் முழுக்கத் தடவிக்கொள்ளலாம்.

5 சதவீத பெர்மெத்ரினை தாடைக்குக் கீழிருந்து உள்ளங்கால் வரை, ஒரு விரற்கடை விடாமல் தடவுங்கள். காதுக்குப் பின்னால், விரலிடுக்கு, நகத்தின் அடி, அக்குள், தொப்புள், மார்புக்கு அடிப்புறம், பிறப்புறுப்பின் வெளிப்புறம், பிட்டங்களுக்கு நடுவில், கால் விரலிடுக்கு, பாதம். நகத்தடிக்குப் பழைய டூத் பிரஷ் உதவும், பிறகு அதைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். முதுகை ஒருவருக்கொருவர் தடவிவிடுங்கள். குழந்தைகளுக்கும் மிக வயதானவர்களுக்கும் கண், வாய் தவிர முகம், தலையிலும் தடவச் சொல்வார்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பெர்மெத்ரின் வேண்டாம், அவர்களுக்குக் கந்தகக் களிம்பு எழுதுவார்கள். கைவிரல் சப்பும் குழந்தைக்குக் கையுறையோ மெல்லிய சாக்ஸோ மாட்டிவிடுங்கள்.

எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், பதினான்கு மணி நேரத்துக்கு மிகாமல் உடம்பில் இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குத் தடவி காலை ஏழுக்குக் குளித்தால் சரியாக இருக்கும். நடுவில் கை கழுவினாலோ, கால் கழுவினாலோ அந்த இடத்தில் மறுபடி தடவுங்கள். டாக்டர் சொல்லும் நாளில், வழக்கமாக ஏழு நாள் கழித்து, இதே மாதிரி முழுக்க இன்னொரு முறை. அவ்வளவுதான், நடுவில் தினமும் தடவ வேண்டியதில்லை.

வீட்டில் பூனை இருந்தால் ஒரு எச்சரிக்கை. பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். தடவிய ராத்திரி அது உங்கள் மேல் படுக்கவோ நக்கவோ விடாதீர்கள்.

படி 6: துணியும் படுக்கையும்

இதில் மக்கள் படும் பாடு தேவைக்கு மேல். மனிதத் தோலை விட்டுப் பிரிந்தால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெலன்பி என்பவர், போரில் சேர மறுத்த தன்னார்வலர்களைச் சொறி நோயாளிகள் பயன்படுத்திய போர்வையிலும் உள்ளாடையிலும் படுக்க வைத்துப் பார்த்தார். மிகச் சிலருக்குத்தான் தொற்றியது. உடம்போடு உடம்பு நெடுநேரம் ஒட்டியிருப்பதுதான் முக்கிய வழி என்று அதிலிருந்து தெரிந்தது.

எனவே கடைசி மூன்று நாளில் உடுத்திய துணி, விரிப்பு, துண்டு, தலையணை உறையை மட்டும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். 50 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் இருந்தால் பூச்சி செத்துவிடும். துவைக்க முடியாததை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நான்கைந்து நாள் ஓரமாக வையுங்கள். மெத்தையை வெயிலில் போடலாம். மெத்தை மேல் கொசு ஸ்ப்ரே, கரப்பான் ஸ்ப்ரே அடிப்பது வேண்டவே வேண்டாம், ராத்திரி முழுக்க அதைச் சுவாசிக்கப் போவது நீங்கள்தான். பொருக்குச் சொறி உள்ள வீடு மட்டும் விதிவிலக்கு, அதைக் கீழே சொல்கிறேன்.

படி 7: மாத்திரை

ஐவர்மெக்டின் நல்ல மருந்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது கணக்கு, 60 கிலோ உள்ளவருக்கு 12 மில்லிகிராம் ஆகும். இது முட்டையைக் கொல்லாது. அதனால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது வேளை கட்டாயம். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மாத்திரையை நீங்கள் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது மருத்துவம் ஆகாது.

படி 8: செய்யவே கூடாதவை

ஸ்டீராய்டு க்ரீம்தான் நம் ஊரில் மிகப் பெரிய கெடுதல். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் இவற்றோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த ட்யூப் மலிவாகக் கிடைக்கிறது. தடவிய மறுநாள் அரிப்பு அடங்கும், அதனால் பெரிய நம்பிக்கை வரும். அடங்கியது ஒவ்வாமை மட்டும்தான், பூச்சி நிம்மதியாகப் பெருகிக்கொண்டிருக்கும். தடிப்பின் தோற்றமும் மாறிப்போவதால் பிறகு டாக்டருக்கே அடையாளம் தெரியாது. தொடை இடுக்கில் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, ஆறாத வரிகள் விழும். 2018ல் மத்திய அரசு இப்படிப்பட்ட களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் அதைத்தான் எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன. அரிப்பு அடங்க ஒரே ஒரு ஊசி போடும் இடங்களிலும், அது ஸ்டீராய்டா என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

மண்ணெண்ணெய், பினாயில், ப்ளீச்சிங் பவுடர், டீசல் எல்லாம் சொறிந்து திறந்திருக்கும் தோலைப் பொசுக்கிவிடும். மண்ணெண்ணெய் தடவிய குழந்தை அடுப்பு, விளக்குப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு வாய் விழுங்கினாலும் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து தடவுவது உயிர்போகும் விஷயம். ஆர்கனோபாஸ்பேட் வகை தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும், புண்ணாக இருந்தால் இன்னும் வேகமாக. எச்சில் ஒழுகுதல், வியர்த்துக் கொட்டுதல், வாந்தி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், மூச்சுத் திணறல் வந்தால் உடுப்பைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். கழுவிவிடுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தை அளவு தெரியாமல் குடிப்பது, நாய் உண்ணிக்கான அமிட்ராஸைக் குளிக்கும் தண்ணீரில் கலப்பது இரண்டும் அதே ரகம். ஐவர்மெக்டின் அளவு மீறினால் தடுமாற்றம், குழப்பம், வலிப்பு, கோமா வரை போகும்.

பழைய சீட்டில் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்று இருந்தால், அதாவது லிண்டேன், அதை வைத்து மறுபடி வாங்காதீர்கள். நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பு வரவைக்கக் கூடியது, குழந்தைகளுக்கு அதிக ஆபத்து. 2009ல், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்ட ரசாயனம் அது. 25 சதவீத பென்சைல் பென்சோயேட் மருந்தும் சொறிக்கு வேலை செய்யும், ஆனால் கடுமையாக எரியும். குழந்தைகளுக்கு எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி பற்றி என்ன சொல்வது? இவற்றை நான் இகழ மாட்டேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி 814 பேரில் 97 சதவீதம் பேர் குணமானதாக 1992ல் ஒரு முன்னோட்ட ஆய்வு வெளியானது. ஆனால் மாதக்கணக்காக விடாத சொறிக்கு, கைக்குழந்தைக்கு, சீழ் பிடித்த புண்ணுக்கு அதை நம்பி நாளைக் கடத்துவது சரியில்லை. உள்ளுக்குக் கொடுப்பதோ நிச்சயமாகக் கூடாது. வேப்பெண்ணெய் புகட்டிய கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்திருக்கின்றன. குப்பைமேனி சேர்ந்த மூலிகைக் கஞ்சி குடித்து, ஜி6பிடி என்ற நொதிக் குறை உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோனதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குறை இருப்பது பரிசோதிக்கும் வரை யாருக்கும் தெரியாது. கற்பூரம் கலந்த எண்ணெயைச் சின்னக் குழந்தைகளுக்குத் தடவாதீர்கள், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

கல்லுப்பு போட்டுத் தேய்ப்பது, கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவது, பிளேடால் சுரங்கத்தைக் கீறுவது எல்லாம் பாக்டீரியாவுக்குக் கதவைத் திறந்துவிடும்.

படி 9: அரிப்போடு இருக்கும் வாரங்கள்

குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், காலமைன் லோஷன், குளித்தவுடன் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் அல்லது தேங்காய் எண்ணெய், மெல்லிய பருத்தி உடை. சோப்பைக் குறையுங்கள். அரிப்பு மாத்திரை தூக்கம் தரும் வகையாக இருந்தால் ராத்திரிக்கு மட்டும், மறுநாள் வண்டி ஓட்டுபவர் கவனம். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தூக்கம் வரவழைக்கும் சிரப் எதையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், மூச்சே மட்டுப்படலாம். பூச்சி ஒழிந்துவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, மிச்சமுள்ள அரிப்புக்கு அவரே மிதமான ஸ்டீராய்டு சில நாளுக்குத் தரலாம். அது வேறு விஷயம், பயப்பட வேண்டாம்.

மாதக்கணக்கில் தூங்காமல் அரித்தவர்களுக்கு, நோய் போன பிறகும் தோலுக்குள் ஏதோ ஊர்வது போலவே இருக்கும். சிலர் தோலிலிருந்து எடுத்த துணுக்குகளைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்துக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போவார்கள். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து அவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள், பைத்தியம் என்று சொல்லாதீர்கள். அந்த உணர்வு அவர்களுக்கு முழு உண்மை. துணுக்கைப் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் அது மாறவில்லை என்றால், தோல் டாக்டரும் மனநல டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது, பலனும் கிடைக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்கள்தான் பூச்சிமருந்தைக்கூட மேலே ஊற்றிக்கொள்ளும் அளவுக்குப் போகிறார்கள் என்பதால், அவர்களைத் தனியே விடாமல் கூடவே போங்கள்.

படி 10: வீட்டின் மூலையில் படுத்திருக்கும் பெரியவரைப் பாருங்கள்

மறுபடி மறுபடி வரும் வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியையோ தாத்தாவையோ ஒரு முறை உடை நீக்கிப் பாருங்கள். கையிலும் பாதத்திலும் தடித்த சாம்பல் நிறப் பொருக்கு, நகம் தடித்துப்போய், செதில் செதிலாக விரிப்பில் கொட்டுகிறது என்றால் பொருக்குச் சொறியாக இருக்கலாம். இவர்கள் உடம்பில் பூச்சி ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட இருக்கும். ஆனால் அரிப்பு அதிகம் இருக்காது, சொல்லவும் மாட்டார்கள். சோரியாசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தே முற்றியிருக்கவும் கூடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், பக்கவாதம் வந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு இது வரும்.

இதற்கு வீட்டுச் சிகிச்சை இல்லை. ஐவர்மெக்டின் பல வேளை, பெர்மெத்ரின் பல நாள், பொருக்கைக் கரைக்கும் களிம்பு எல்லாம் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். உதிர்ந்த செதிலிலிருந்தே தொற்றும் என்பதால் அந்த அறை, நாற்காலி, விரிப்பு எல்லாவற்றையும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கும் சிகிச்சை வேண்டும்.

படி 11: டாக்டரிடம் போகும் நாள்

நாள்காட்டி, இதுவரை தடவிய எல்லா ட்யூபும் பாட்டிலும், காலியானதும்கூட, ஒரு பையில் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, கடைக்காரர் கொடுத்தது, ஊசி எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் யார் யாருக்கு எப்போது தொடங்கியது, யார் ஒன்றாகப் படுக்கிறார்கள், வீட்டு வேலைக்கு வருபவர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், ஹாஸ்டல், புறா, நாய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தாம்பத்திய உறவு வழியாகவும் தொற்றும் என்பதால் அதைப் பற்றிக் கேட்டால் சங்கடப்படாமல் பதில் சொல்லுங்கள்.

2017ல் உலக சுகாதார நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகில் எந்த நேரத்திலும் சுமார் 20 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. தினமும் இரண்டு முறை குளிப்பவருக்கும் வரும், எனவே வெட்கப்பட்டு மறைக்க இதில் ஒன்றும் இல்லை. போன மாதம் வீட்டில் வந்து தங்கிய உறவினருக்கும், குழந்தையின் வகுப்பு ஆசிரியைக்கும் ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள். முதல் முறை முறையாகத் தடவிக் குளித்த மறுநாளே குழந்தை பள்ளிக்குப் போகலாம். இரண்டாவது முறை தடவி நான்கு வாரம் ஆனதும், ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும், எல்லோர் விரலிடுக்கையும் நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். புதுக் கோடு ஒன்று தெரிந்தாலும் கடைக்குப் போகாமல் அதே டாக்டரிடம் அதே நாள்காட்டியோடு போங்கள்.